பிரஷர் மாத்திரை ஏன் பாதியில் நின்றுபோகிறது?

உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்து, மாத்திரையும் கையில் இருந்து, எழுதிக்கொடுத்தபடி அதைச் சாப்பிடாதவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். நீண்டகால நோய்களுக்கான மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. ஏழை நாடுகளில் நிலைமை இதைவிட மோசம் என்றும் அது சொன்னது. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. மீதிப் பேர் எல்லாரையும் மாத்திரையைத் தவறவிட்டவர்கள் கணக்கில் எழுதிவிட முடியாது. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்த பலர் சிகிச்சைப் பக்கமே வருவதில்லை. ஆனால் சிகிச்சையில் சேர்ந்தபின் நழுவுகிறவர்களின் கேள்விதான் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களை அதிகம் குழப்பியிருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கப் போடிநாயக்கனூரும், அதை அடுத்த சிலமலையும், தேவாரம், கோம்பை வரையிலான மலையடிவார ஊர்களும் ஏற்ற இடம். ஏலக்காய்க்குப் பெரிய சந்தை போடி. காய் விளையும் காடுகளில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் இருக்கிறது. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்கும் கூலித் தொழிலாளர்கள் இவ்வூர்களில் ஏராளம். இலவச மாத்திரை, வீடு தேடி வரும் தன்னார்வலர், அரசு மருத்துவமனை, தனியார் மருந்துக்கடை, சித்த வைத்தியம், கைமருந்து எல்லாமே ஏறக்குறைய எட்டும் தூரத்தில் உள்ளன. ஒற்றைக் காரணம் சொல்லும் எந்த விளக்கமும் இங்கே சிரமப்படும்.

விளக்கங்களுக்குள் போகுமுன் ஒரு பிரிப்பு தேவைப்படுகிறது. ‘மாத்திரை சாப்பிடுவதில்லை’ என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு நடத்தைகள் இருக்கின்றன. சீட்டு வாங்கியும் தொடங்காதிருப்பது ஒன்று. தொடங்கிச் சில மாதத்தில் அடியோடு நிறுத்திவிடுவது இன்னொன்று. தொடர்ந்து சாப்பிட்டாலும் அவ்வப்போது விட்டுவிடுவது மூன்றாவது. இந்தத் துறையின் சச்சரவுகளில் பாதி, ஒரு நடத்தைக்குச் சொன்ன காரணத்தை மற்ற இரண்டுக்கும் நீட்டியதால் வந்தவை.

சென்னையில் எழுந்த சந்தேகம்

நோயாளி மருந்தைக் குடித்ததாகப் பொய் சொல்லக்கூடும் என்ற எச்சரிக்கை, ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்தொகுதியிலேயே உண்டு. அதை எச்சரிக்கையோடு விடாமல் முறையாக அளந்து பார்த்த ஆரம்ப இடங்களில் ஒன்று சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். வாலஸ் ஃபாக்ஸ் அங்கு நடத்திய பணியில், வீட்டில் இருந்தபடி ஓராண்டு மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

வீட்டுச் சிகிச்சை என்றதும், மாத்திரை உள்ளே போகிறதா என்ற கேள்வி வந்தது. மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். உடம்பு தேறியதும் மருந்து தளர்வதை அவர்கள் பார்த்தனர். ‘தானே எடுத்துக்கொள்ளும் மருந்தின் சிக்கல்’ பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். யார் தவறவிடுவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே மருந்தைக் கண்முன்னே கொடுக்க வேண்டும் என்ற கருத்து இங்கிருந்து வலுப்பெற்றது. வாரத்துக்கு இருமுறை மேற்பார்வையில் மருந்து தரும் முறையைச் சென்னை மையம் 1964-இல் முன்வைத்தது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது முன்னோடி.

இதை முதல் நிலைப்பாடு எனலாம்: மருந்து தவறுவது மனித இயல்பு, அதை வெளியிலிருந்து கட்டுப்படுத்த வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு இதை அப்படியே கொண்டுவருவதில் இரண்டு தடைகள் தெரிகின்றன. காசநோய்ச் சிகிச்சைக்கு ஒரு முடிவுநாள் உண்டு; பிரஷர் மாத்திரைக்குப் பெரும்பாலும் கிடையாது. முப்பது ஆண்டுக் காலம் ஒருவரைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எந்த அரசாலும் ஆகாது. இரண்டாவது, காசநோயாளி இருமினார், இளைத்தார், பிறகு தேறினார். மருந்தின் பலன் அவர் உடம்பிலேயே தெரிந்தது. அழுத்தம் கூடியவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரிவதில்லை. நன்றாக இருக்கும் மனிதரை மருந்து சாப்பிடச் சொல்வது, நோயாளியைச் சாப்பிடச் சொல்வதைவிட வேறான காரியம்.

ஹாமில்டன் எஃகுத் தொழிலாளர்கள்

அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்பதே 1960-களின் பிற்பாதியில்தான் ஐயமற நிலைநாட்டப்பட்டது. எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, 1967-லும் 1970-லும் அதைக் காட்டியது. அதில் பயன்பட்ட மருந்துகளில் ஒன்று ரிசர்பின். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்தது அது. அந்த வேரை இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அனுபவத்தை 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். மருந்து வேலை செய்யும் என்று உறுதியானபின்தான், அதை ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்கே பொருள் வந்தது.

கனடாவின் ஹாமில்டன் நகரில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சாக்கெட்டும் பிரையன் ஹெய்ன்ஸும் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் 230 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். அன்று, இன்றும்கூட, எல்லாரும் நம்பிய இரண்டு காரணங்களை அது நேரடியாகச் சோதித்தது. மருத்துவரைப் பார்க்க நேரமில்லை என்பது ஒன்று. ஆகவே ஒரு சாராருக்கு ஆலைக்குள்ளேயே, வேலை நேரத்திலேயே மருத்துவர் கிடைத்தார். நோயைப் பற்றித் தெரியாது என்பது மற்றது. ஆகவே ஒரு சாராருக்கு அழுத்தம் என்றால் என்ன, மாத்திரை என்ன செய்யும் என்று பாடம் போலக் கற்பித்தார்கள். கற்றவர்களுக்கு அறிவு கூடியது. மாத்திரை ஒழுங்கு கூடவில்லை. ஆலை மருத்துவரும் வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. 1975-இல் ‘லான்செட்’ இதழில் வந்த இந்த முடிவு, சுகாதாரக் கல்விக்காரர்களைச் சற்றுத் திகைக்க வைத்தது. நம்மூர் விழிப்புணர்வு முகாம்களின் தட்டிகளைப் பார்த்தால், அந்தத் திகைப்பு இங்கே இன்னும் வந்துசேரவில்லை என்றே தோன்றுகிறது.

அதே குழு மறு ஆண்டு, ஒழுங்கில்லாதவர்களை மட்டும் எடுத்து வேறொன்றைச் செய்தது. வீட்டிலேயே அழுத்தம் பார்க்கக் கருவி, குறித்துவைக்க அட்டை, தினசரிப் பழக்கம் ஒன்றோடு மாத்திரையை இணைக்கும் ஏற்பாடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்ப்பது. இம்முறை ஒழுங்கு கூடியது. எந்தக் கூறு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தக் குறை இத்துறையின் பிந்தைய ஆய்வுகளையும் விடவில்லை.

1978-இல் ஹெய்ன்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். ‘உங்களுக்கு பிரஷர் இருக்கிறது’ என்று சொல்லப்பட்ட தொழிலாளர்கள், அதற்குமுன் இருந்ததைவிட அதிக நாள் விடுப்பு எடுக்கத் தொடங்கினர். பட்டம் சூட்டுவதே ஆளை நோயாளியாக்கிவிடுகிறது. தினக்கூலிக்காரர் அப்படி விடுப்பு எடுக்க முடியாது; அவர் அந்தப் பட்டத்தை மறுப்பது எளிது. இது ஊகம்தான். ஆனால் தொடங்காமலே இருப்பவர்களை விளக்க இதைவிட நல்ல ஊகம் அதிகமில்லை.

ஹாமில்டன் முடிவுகளை ஏலக்காட்டுக்கு மாற்றும்போது ஒரு எச்சரிக்கை தேவை. அந்தத் தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளமும் பொது மருத்துவக் காப்பீடும் ஏற்கெனவே இருந்தன. வசதி உள்ள இடத்தில் மேலும் வசதி கூட்டிப் பயனில்லை என்றுதான் அது காட்டுகிறது. வசதியே இல்லாத இடத்தைப் பற்றி அது பேசவில்லை.

உடம்பு சொல்வதும் கருவி சொல்வதும்

அறிவு போதவில்லை என்றானபின் ஆய்வாளர்கள் நம்பிக்கையின் பக்கம் திரும்பினார்கள். இதன் வேர் 1950-களில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்றோர் உருவாக்கிய சுகாதார நம்பிக்கை மாதிரியில் உள்ளது. நோய் தனக்கு வரும், வந்தால் கடுமையாக இருக்கும், மருந்தால் பலன் உண்டு, அதற்கான தொல்லை தாங்கக்கூடியது என்று நம்புகிறவர் மருந்து சாப்பிடுவார் என்பது அதன் சாரம். இதில் நோயாளி எப்போதும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும் கணக்குப்பிள்ளையாகிவிடுகிறார் என்பதே இதன்மீது சொல்லப்பட்ட பெரிய குறை.

இரத்த அழுத்தத்துக்கு நெருங்கிய விளக்கம் ஹாவர்ட் லெவந்தால் குழுவிடமிருந்து வந்தது. 1985-இல் மேயர், லெவந்தால், குட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளில் பெரும்பாலோர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொன்னார்கள். அழுத்தம் கூடுவதை மனிதரால் உணர முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். தங்களுக்கு மட்டும் தெரியும் என்றும் சொன்னார்கள்: தலைவலி, முகச் சூடு, படபடப்பு. மாத்திரை அந்த அறிகுறியைக் குறைக்கிறது என்று நம்பியவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். அறிகுறி போனதும் நிறுத்தியவர்களும் உண்டு. சியாட்டிலில் டான் பிளும்ஹாகன் 1980-இல் எழுதியது இன்னும் ஒரு படி மேலே போகிறது. மருத்துவர் சொல்லும் நோயும் நோயாளி மனத்தில் உள்ள நோயும் பெயரில்தான் ஒன்று; நோயாளியின் நோய் மனவுளைச்சலால், ‘டென்ஷனால்’ வருவது. டென்ஷன் இல்லாத நாளில் மாத்திரை எதற்கு?

போடி வட்டாரத்துப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. ‘கிறுகிறுன்னு வந்தா போட்டுக்குவேன்’ என்பது மாத்திரையை மறந்தவரின் பேச்சு இல்லை. ஒரு விதியை வகுத்துக்கொண்டு அதன்படி நடப்பவரின் பேச்சு அது. கால்கை வலிப்பு நோயாளிகளிடம் பீட்டர் கான்ராட் 1985-இல் கண்டதும் இதுவே. மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதன் மூலம் அவர்கள் தங்கள் உடம்பின்மீது ஒரு கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற முயன்றார்கள்.

தென்னிந்தியாவுக்கே உரிய ஒரு அடுக்கை மார்க் நிக்டர் சேர்த்தார். தென் கன்னட மாவட்டத்தில் செய்த களப்பணியிலிருந்து அவர் 1980-இல் எழுதியதன்படி, ஆங்கில மருந்து வேகமானது, வீரியமானது, ஆனால் சூடு; சில நாளுக்கு நல்லது, நெடுநாளைக்கு உடம்பு தாங்காது. இந்தக் கணக்கில், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை என்பதே முரண்பாடாகத் தெரியும். தமிழ்நாட்டு ஊர்களில் இதே எண்ணம் வேறு வடிவங்களில் வரும். ஒருதரம் தொடங்கினால் விடமுடியாது, உடம்பு அதற்குப் பழகிவிடும், கிட்னி போய்விடும். கடைசி அச்சம் கவனத்துக்குரியது. கட்டுக்கடங்காத அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆனால் இந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் தள்ள முடியாது. குனிந்து காய் எடுத்த உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கவும் செய்யும், அழுத்தத்தை ஏற்றவும் செய்யும். வலிமாத்திரை உடனே கேட்பதால் அது நல்ல மருந்தாகவும், எதுவும் காட்டாத பிரஷர் மாத்திரை கெட்ட மருந்தாகவும் கணக்காகிறது.

கைமருந்து வேறொரு வழியில் இடையில் வருகிறது. பூண்டு, முருங்கைக்கீரை, சீரகத் தண்ணீர் என்று பட்டியல் நீளும். ஏலக்காய்க்கும் அதில் இடமுண்டு. உதய்ப்பூரில் 20 பேருக்குப் பன்னிரண்டு வாரம் நாளொன்றுக்கு 3 கிராம் ஏலப்பொடி கொடுத்து அழுத்தம் குறைந்ததாக 2009-இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லாத ஆய்வு அது. அதை வைத்து மாத்திரையை நிறுத்த முடியாது. மாத்திரையோடு சேர்த்துக்கொண்டால் கெடுதியில்லை என்று யாரும் சொல்லாதபோது, ‘இதுவா அதுவா’ என்ற தேர்வை நோயாளியே செய்துகொள்கிறார்.

இந்த வகை விளக்கங்களில் இன்று அதிகம் பயன்படுவது ராப் ஹார்ன் 1990-களின் இறுதியில் வகுத்தது. மருந்து அவசியம் என்ற எண்ணமும் அதைப் பற்றிய கவலையும் தராசின் இரு தட்டுகளாக நிற்கின்றன என்கிறார் அவர். எளிமையானது, பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் குறையும் அதன் எளிமையில்தான் உள்ளது. எண்ணத்தைக் கேள்வித்தாளில் கேட்கிறார்கள், ஒழுங்கையும் பெரும்பாலும் கேள்வித்தாளிலேயே கேட்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. மருந்தை விட்டபின் அதற்கேற்ற நம்பிக்கையை மனம் உருவாக்கிக்கொள்கிறதா என்பதும் தெளிவாகவில்லை.

கூலியும் ஜீப்பும்

இன்னொரு தரப்பு இந்தப் பேச்சையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கிறது. மருந்து ஒழுங்கு என்ற கருத்தே மருத்துவரின் அதிகாரத்துக்குப் போர்த்திய அறிவியல் போர்வை என்று ஜேம்ஸ் டிராஸ்டில் 1988-இல் எழுதினார். ஹெய்ட்டியில் பணியாற்றிய பால் ஃபார்மர், வறுமை தடுத்ததை நம்பிக்கை தடுத்ததாக எழுதிவிடுகிறார்கள் என்று மானிடவியலாளர்களைக் கடிந்துகொண்டார்.

ஏலக்காட்டு வேலைநாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் ஃபார்மர் சொல்வதன் எடை புரியும். ஜீப் இருட்டோடு கிளம்பும். சோறு தூக்குவாளியில் போகும், சாப்பாடு காட்டில்தான். மாத்திரைச் சீட்டில் ‘காலை, உணவுக்குப் பின்’ என்று இருக்கும். அட்டை வீட்டு மாடத்தில் இருக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையாக இருந்தால், கழிப்பறை இல்லாத ஏலச்செடி வரிசைகளுக்கு நடுவே பெண்கள் அதைக் காலையில் விழுங்கத் தயங்குவதைப் புரிந்துகொள்ள எந்த உளவியல் மாதிரியும் தேவையில்லை. அறுவடை ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச்சுற்றாக நடக்கும். அந்த மாதங்களில் சிலர் எஸ்டேட் லயத்திலேயே தங்கிவிடுவார்கள். மாத்திரை தீரும் நாளில் அவர்கள் இருப்பது வேறு மாநிலம். மருந்து வாங்க ஒரு நாள் இறங்கினால் அன்றைய கூலி போய்விடும். மாத்திரை இலவசம்தான், அந்த நாள் இலவசமில்லை.

அரசு செய்தவை இந்தத் தரப்பின் தர்க்கத்தை ஒட்டியவை. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு நிலையங்களில் மருந்து தீராமல் இருக்க வழி செய்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் மாதம்தோறும் அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். 2024-இல் ஐ.நா.வின் விருதும் இதற்குக் கிடைத்தது. இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி 2017-இன் இறுதியில் தொடங்கி, சில மாத்திரைகளைக் கொண்ட எளிய நெறிமுறையையும் முப்பது நாள் விநியோகத்தையும் பல மாநிலங்களில் நடைமுறைப்படுத்தியது.

இவ்வகை ஏற்பாடு பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று அண்டை நாடுகளிலேயே உள்ளது. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகியவற்றின் கிராமங்களில் நடந்த ‘கோப்ரா’ ஆய்வில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்த்து, பேசி, மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சையைவிட மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் காசையும் தூரத்தையும் நீக்கிவிட்டால் போதும் என்ற முடிவுக்குச் சான்று இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களுக்கு மருந்தை முழு இலவசமாகக் கொடுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில் ஒழுங்கு கூடியது 4 முதல் 6 புள்ளி அளவுக்குத்தான். மரணத்தின் வாசல்வரை போய்வந்தவர்களிடம்கூட இலவசம் அவ்வளவே சாதித்தது.

சிலமலை போன்ற ஊரில் வீடு தேடி வரும் முறைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தன்னார்வலர் பகலில் வருகிறார். பகலில் வீட்டில் இருப்பவர் வேலைக்குப் போகாத முதியவர். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது, ஆனால் அதைப் பற்றிய பேச்சு சாப்பிட வேண்டியவரோடு நடப்பதில்லை. கோப்ரா ஆய்வில் வேலை செய்தது மாத்திரையா பேச்சா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்ல முடியும்.

மருத்துவரின் பங்கு

குற்றம் முழுவதும் நோயாளி மேல் விழுவதைக் கேள்விக்குள்ளாக்கிய இன்னொரு வரிசை ஆய்வுகள், சீட்டு எழுதுபவரைப் பார்க்கின்றன. அழுத்தம் குறையவில்லை என்று தெரிந்தும் மருந்தை மாற்றாமல், கூட்டாமல், ‘அதையே சாப்பிடுங்கள்’ என்று அனுப்பும் போக்கை 2001-இல் ஃபிலிப்ஸும் பிறரும் எடுத்துக்காட்டினார்கள். மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்காததைப் பார்க்கும் நோயாளி, அடுத்த மாதம் அதை விடுவதில் ஆச்சரியமில்லை. இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் சராசரியாக ஏறத்தாழ 2 நிமிடம் என்று 2017-இல் வந்த ஒரு பன்னாட்டுத் தொகுப்பாய்வு கண்டது. அதற்குள் ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரில் வகையால் வறட்டிருமல் வரலாம், வந்தால் வேறு மருந்து உண்டு என்று சொல்ல முடியாது. சொல்லப்படாத வீக்கம் வரும்போது நோயாளி அதைக் கிட்னிக் கோளாறு என்று படித்துக்கொள்கிறார்.

மாத்திரைகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். இலங்கையில் 700 பேரிடம் நடந்த ‘டிரையம்ஃப்’ ஆய்வில் டெல்மிசார்டன், ஆம்லோடிபின், குளோர்தலிடோன் மூன்றையும் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் 70 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையில் 55. இந்த வேறுபாட்டில் ஒழுங்குக்கு எவ்வளவு பங்கு, தொடக்கத்திலேயே வலுவான மருந்து கொடுத்ததற்கு எவ்வளவு பங்கு என்பது விவாதத்துக்குரியது. மாத்திரையின் நிறமும் உருவமும் மாறினால்கூட நோயாளிகள் நிறுத்துவது கூடுவதாக அமெரிக்காவில் ஆரன் கெசல்ஹைம் குழு காட்டியிருக்கிறது. டெண்டருக்கு டெண்டர் வேறு கம்பெனி அட்டை வரும் அரசு விநியோகத்தில் இது சிந்திக்க வேண்டிய செய்தி.

அளக்கும் சிக்கல்

எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்பது, ஒழுங்கை எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இங்குதான் ஆய்விலக்கியத்தின் பெரும்பகுதி பலவீனமாக இருக்கிறது. இந்திய ஆய்வுகளில் மிகவும் புழங்குவது டொனால்ட் மொரிஸ்கியின் கேள்வித்தாள். 1986-இல் நான்கு கேள்வியோடு வந்தது, பின்னர் எட்டாயிற்று. ‘மாத்திரை சாப்பிட மறந்ததுண்டா?’ என்று வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டால், மரியாதைக்காகவே வரும் விடை ஒன்று உண்டு. மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவதும் நன்கு பதிவாகியிருக்கிறது. அந்நாளில் சிறுநீரைச் சோதித்தாலும் அது நல்ல பிள்ளையாகவே காட்டும்.

மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதியும் மின்னணு டப்பிகள் வந்தபின் படம் தெளிந்தது. பெர்னார்ட் விரைஜன்ஸ் குழு 4,783 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 2008-இல் வெளியிட்டது. ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் மருந்தையே நிறுத்திவிட்டிருந்தனர். ஆனால் நிறுத்தாமல் தொடர்ந்தவர்கள் ஒரு நாளில் தவறவிட்ட வேளைகள் சுமார் 10 விழுக்காடுதான். மறதி இரண்டாம் பட்சம். பெரிய ஓட்டை அடியோடு நிறுத்துவதில் உள்ளது. மாத்திரைப் பெட்டி, அலாரம், குறுஞ்செய்தி என்று மறதியைக் குறிவைக்கும் முயற்சிகள் ஏன் சிறு பலனே தருகின்றன என்பதற்கும் இது ஒரு விளக்கம். இங்கிலாந்தின் லெஸ்டரில் சிறுநீரில் மருந்தைத் தேடிய 2014 ஆய்வில் நாலில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்த மருந்து முழுதாகவோ பகுதியாகவோ காணப்படவில்லை.

அதே ஆண்டு வந்த காக்ரேன் தொகுப்பு, மருந்து ஒழுங்கைக் கூட்ட முயன்ற 182 சோதனைகளை அலசியது. அவற்றில் நம்பத்தக்க முறையில் நடந்தவை 17. ஒழுங்கையும் உடல்நலத்தையும் சேர்த்து உயர்த்தியவை அவற்றுள் 5 மட்டுமே. அந்த ஐந்தும் சிக்கலான, ஆள்பலம் கேட்கும் ஏற்பாடுகள்.

தீராமல் நிற்பவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, தொடங்காமை, நிறுத்தம், தவறல் ஆகிய மூன்றுக்கும் ஒரே விடை தேடுவதைக் கைவிடலாம் என்று தோன்றுகிறது. தொடங்காதவரிடம் பட்டத்தை மறுக்கும் மனமும், ‘நான் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்ற அனுபவமும் முன்னே நிற்கின்றன. நிறுத்துபவரிடம் சூடு, கிட்னி, பழகிவிடும் என்ற கவலைகளும், கூலி இழப்பும், தீர்ந்த அட்டையும் பின்னிக்கிடக்கின்றன. பெரும்பாலும் அட்டை தீரும் நாளில்தான் கவலை முடிவாக மாறுகிறது. தவறவிடுபவரிடம் மறதியைவிட நாளின் அமைப்பு பெரிய காரணமாக இருக்கலாம். ஃபாக்ஸின் கண்காணிப்பு, ஹாமில்டனின் பழக்கம், லெவந்தாலின் நம்பிக்கை, ஃபார்மரின் வறுமை எல்லாம் உண்மையே. எது எந்த நடத்தைக்கு என்பதில்தான் ஒவ்வொருவரும் எல்லை மீறினார்கள்.

திறந்து கிடக்கும் கேள்விகள் மூன்று முக்கியமானவை. வீடு தேடி வரும் மாத்திரை ஐந்து, பத்தாண்டு ஒழுங்கைக் காக்குமா, அல்லது வீட்டில் அட்டைகள் சேரத்தான் செய்யுமா என்பதற்கு விநியோகக் கணக்கு விடையாகாது. அழுத்தத்தின் அளவும், முடிந்தால் சிறுநீர்ச் சோதனையும் வேண்டும். மாநில எல்லையைத் தினமும் தாண்டும் தொழிலாளியின் மருந்து இரு மாநிலத் திட்டங்களில் எதன் பொறுப்பு என்பது இரண்டாவது. நம்பிக்கையை மாற்றினால் நடத்தை மாறுமா, நடத்தை மாறினால் நம்பிக்கை பின்தொடருமா என்பது மூன்றாவது. அறுபதாண்டு ஆய்வு இதில் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

ஆனால் சில காரியங்கள் இந்த விடைகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 21,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ‘டைம்’ ஆய்வு, பிரஷர் மாத்திரையைக் காலையில் சாப்பிட்டாலும் மாலையில் சாப்பிட்டாலும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் வேறுபாடில்லை என்று காட்டியது. ஆம்லோடிபின், டெல்மிசார்டன் இரண்டையும் சாப்பாட்டுக்கு முன்னும் விழுங்கலாம், பின்னும் விழுங்கலாம். வேறு மருத்துவக் காரணம் இல்லாதவரை, ஜீப் ஏறிப் போகிறவரின் சீட்டில் ‘காலை, உணவுக்குப் பின்’ என்பதற்குப் பதிலாக ‘வீடு திரும்பியதும்’ என்று எழுதலாம். அறுவடை மாதங்களில் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாத அட்டையைக் கொடுத்தனுப்பலாம்.